இராணுவத்தில் தாதியாகச் சேர்ந்தால் மேலே படிக்க முடியுமா?

கொழும்பில் தாதியர் டிப்ளோமா இறுதியாண்டில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் அவருடைய அண்ணன், அமெரிக்க இராணுவத்தில் தாதியாகச் சேர்ந்தால் சம்பளத்தோடு மேற்படிப்பும் கிடைக்கும் என்கிறாராம். அது உண்மையா, இலங்கைப் படைகளில் அப்படி வழி இருக்கிறதா, எதற்கு முயல்வது என்பதுதான் கேள்வி.

அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் வாசலிலேயே இரண்டு தடைகள் இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே பதிவுபெற்ற தாதி என்றால் அதிகாரி. லெப்டினன்ட் தரத்தில் தொடங்குவார். முழுநேரப் படையில் அதிகாரியாக ஆணை பெற அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்ட் வைத்திருப்பவர் சிப்பாயாகச் சேரலாம், முழுநேரத் தாதிய அதிகாரியாக முடியாது. அடுத்தது பட்டம். அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் தாதியியல் இளமாணிப் பட்டம் கேட்பார்கள். நமது டிப்ளோமாவோடு அங்குள்ள உரிமப் பரீட்சையில் தேறினால் சாதாரண வைத்தியசாலையில் வேலை செய்யலாம். இராணுவத்துக்கு அது போதாது.

அண்ணன் குடியுரிமை பெற்றவராக இருந்து உங்களுக்கு விண்ணப்பித்தாலும், சகோதரர்களுக்கான வரிசை பத்து ஆண்டுகளைத் தாண்டி நீள்கிறது. தாதிகளுக்கு வேலைவாய்ப்பு வழியாகப் போகும் பாதை அதைவிட வேகமானது. வைத்தியசாலை ஒன்றின் அனுசரணையில் போய், வேலை செய்துகொண்டே பட்டத்தை முடித்து, குடியுரிமை பெற்று, பிறகு படைக்கு விண்ணப்பிப்பது. நீண்ட பாதைதான். ஆனாலும் ஒவ்வொரு படியிலும் உங்கள் கையில் ஒரு தொழில் இருக்கும் என்பதால், நான் இதைத் துணிந்து சொல்கிறேன்.

சேர்ந்த பிறகு என்ன? சான் அன்டோனியோவில் உள்ள இராணுவ மருத்துவப் பயிற்சித் தளத்தில் அதிகாரிகளுக்கான ஆரம்பப் பயிற்சி. அதன்பின் ஒரு வைத்தியசாலையில் பொது விடுதிப் பணி. அங்கிருந்து துறை பிரிகிறது: தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, சத்திரசிகிச்சைக் கூடம், மகப்பேறு, உளநலம், பொதுச் சுகாதாரம். இவற்றுக்கு மாதக்கணக்கில் முழுநேரப் பயிற்சி உண்டு. படிக்கும் காலத்திலும் அதிகாரியின் சம்பளம் நிற்காது.

இதற்கு மேலே இருப்பது, நம் ஊர்த் தாதிகளுக்கு வியப்பாக இருக்கும். மயக்க மருந்து கொடுப்பதை இலங்கையில் வைத்தியர்தான் செய்வார். நாம் பக்கத்தில் நின்று உதவுவோம். அமெரிக்கப் படைகளில் அதற்கென்றே பயிற்சி பெற்ற தாதி அதைச் செய்கிறார். பேய்லர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இராணுவம் நடத்தும் மூன்றாண்டுப் படிப்பு கலாநிதிப் பட்டத்தில் முடிகிறது. முன்னரங்கில் இயங்கும் சிறிய சத்திரசிகிச்சை அணியில் மயக்க மருந்துக்கு அந்தத் தாதி ஒருவர் மட்டுமே இருப்பதும் உண்டு. பெத்தெஸ்டாவில் உள்ள படைகளின் மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் 1993 முதல் தாதியருக்கான பட்டமேற்படிப்புக் கல்லூரி இயங்குகிறது. அங்கே கற்பவர் கட்டணம் கட்டுவதில்லை.

வேறொரு விதமாகக் கட்டத்தான் வேண்டும். படித்த ஒவ்வொரு படிப்புக்கும் ஈடாகச் சில ஆண்டுகள் கட்டாய சேவை எழுதி வாங்குவார்கள். அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். திருமணம், பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று வரும் வயதில்தான் இந்த ஆண்டுகளும் வரும். கையெழுத்து வைக்கும் முன் வீட்டில் எல்லோரும் இருந்து பேச வேண்டியது இதைத்தான், சம்பளத்தை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த துறை, அமெரிக்க விமானப்படையின் விமானத் தீவிர சிகிச்சை. ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஒரு சுவாச சிகிச்சையாளர் ஆகிய மூவரும் சரக்கு விமானத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவையே நடத்துவார்கள். நான் பல காலம் தீவிர சிகிச்சையில் வேலை செய்தவள், இப்போது தாதியருக்குக் கற்பிப்பவள். ஆகவே அதன் கடினம் எனக்கு விளங்குகிறது. இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் பயன்படாது. மார்பின் அசைவையும் கருவியில் ஓடும் கோட்டையும் நோயாளியின் நிறத்தையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சுவாசக் குழாயை இடத்தில் இருத்தி வைக்கும் சிறு பலூனுக்குள் உள்ள காற்று, உயரம் ஏற ஏற விரிந்து மூச்சுக்குழலின் சுவரை நெரிக்கும். இறங்கும்போது சுருங்கிக் கசியும். அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரையீரலுக்கு வெளியே காற்றுத் தேங்கியிருந்தால், புறப்படும் முன்பே வடிகுழாய் போட்டிருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக இருக்கும் வாயு விதி, அங்கே ஓர் உயிர்.

பதவியைப் பற்றிக் கேட்டால், மேலே வரைக்கும் கதவு திறந்திருக்கிறது. 1970இல் அன்னா மே ஹேஸ் என்ற தாதிதான் அமெரிக்க இராணுவத்தின் முதல் பெண் ஜெனரலானார். 2011இல் பட்ரீசியா ஹோரோஹோ என்ற தாதி, வைத்தியர்களே இருந்துவந்த இராணுவ மருத்துவத் தலைமைப் பதவிக்கு வந்தார்.

இனி நம் நாடு. நாரஹேன்பிட்டி இராணுவ வைத்தியசாலையைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்கும் சொந்த வைத்தியசாலைகள் உண்டு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் தாதியியலில் நான்காண்டுப் பட்டம் தருகிறது, வெரஹெரவில் அதற்கென்று போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. படைகள் ஆள் சேர்க்கும்போது வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அதில் எந்த நிலைக்கு எடுக்கிறார்கள், எத்தனை ஆண்டு சேவை என்ற இரண்டையும் ஆறுதலாக வாசியுங்கள். தாதியர் பேரவையின் பதிவு இல்லாமல் எதுவும் நகராது.

இங்கிருந்தும் வெளிநாட்டு அனுபவம் கிடைக்கும். தென் சூடானில் போர் (Bor) என்ற பெயருள்ள நகரில் ஐக்கிய நாடுகள் அமைதிப் படைக்கான இரண்டாம் நிலை வைத்தியசாலையை 2014 முதல் இலங்கைப் படைகள் நடத்துகின்றன. இரண்டாம் நிலை என்றால் நாளுக்கு மூன்று நான்கு சத்திரசிகிச்சைகள், பத்து முதல் இருபது உள்நோயாளிகள், நாற்பது வரை வெளிநோயாளிகள் என்பது ஐ.நா.வின் அளவுகோல். கொழும்பில் பத்து விடுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை அங்கே ஒரே தாதியின் தலையில் விழும். அப்படி உழைத்தவர் எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் திகைத்து நிற்கமாட்டார்.

ஒருமுறை கொழும்பில் நடந்த பயிற்சி ஒன்றில், படையில் பணியாற்றும் தாதி ஒருவர் எங்களுக்கு இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டியைக் கட்டிக் காட்டினார். காயத்துக்கு நான்கு விரல் மேலே பட்டி, பிறகு குச்சியைத் திருகல். கட்டப்பட்டவர் வலியில் முகம் சுளித்தார். கட்டிய தாதி கையை எடுக்கவில்லை. வலித்தால்தான் நின்றிருக்கும் என்று சொல்லி, இன்னும் அரைச் சுற்றுத் திருகி, கீழே நாடித்துடிப்பு இல்லை என்று தொட்டு உறுதிசெய்துவிட்டு, பட்டியில் இருந்த வெள்ளைத் துண்டில் நேரத்தை எழுதினார். அடுத்த இடத்தில் நோயாளியை ஏற்பவருக்கு அந்த நேரம்தான் முதல் தகவல். சாதாரண வைத்தியசாலையில் நாம் மூச்சுப் பாதையைத்தான் முதலில் பார்ப்போம். போர்க்களத்தில் பீறிடும் இரத்தத்தைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அந்த வரிசை மாற்றத்தை அவருடைய விரல்கள் யோசிக்காமலே செய்தன. இராணுவப் பயிற்சி என்று நான் மதிப்பது அதைத்தான்.

நம் வீடுகளில் படையில் சேர்வது என்றால் பேச்சு இலகுவாக முடியாது. பட்ட துன்பம் அப்படி. இழந்தவர்களின் முன் நான் எந்த வாதமும் வைக்கமாட்டேன். சேர வேண்டாம் என்று அம்மா சொன்னால் அதற்கும் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி, காயப்பட்டவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் மருத்துவத் தேவையின் அடிப்படையில் மட்டுமே முன்னுரிமை. எந்த நாட்டுச் சீருடை அணிந்தாலும் இராணுவத் தாதிக்கு இது சட்டம். அதை உயிர்போல் காப்பாற்ற முடியும் என்று உங்கள் மனம் சொன்னால் மட்டுமே விண்ணப்பியுங்கள்.

இந்தியாவையும் பலர் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: அங்குள்ள இராணுவத் தாதியர் சேவை மிக நல்லது, ஆனால் அது இந்தியக் குடியுரிமை உள்ள பெண்களுக்கானது.

இப்போது உங்களால் செய்யக்கூடியது என்ன? டிப்ளோமா முடிந்ததும் சுகமான விடுதியைத் தேடாமல், தீவிர சிகிச்சைக்கோ அவசர சிகிச்சைக்கோ விருப்பம் எழுதிக் கொடுங்கள். மயக்க மருந்துத் துறைக்குப் போவோரிடம் அமெரிக்காவில் முதலில் கேட்பது தீவிர சிகிச்சை அனுபவத்தைத்தான். வேலையோடு படிக்க விரும்பினால் நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் இருக்கிறது. அங்கீகாரப் பிரச்சினை அமெரிக்காவில் வரலாம் என்றாலும், கற்றது வீணாகாது. கல்லூரியை விட்டு வெளியேறும் முன், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணிநேர வகுப்பு, எத்தனை மணிநேர விடுதிப் பயிற்சி என்று பிரித்துக் காட்டும் ஆங்கிலச் சான்றிதழை முத்திரையோடு வாங்கி வையுங்கள். ஆண்டுகள் கழித்து வெளிநாட்டிலிருந்து கேட்கும்போது, அந்த மணிக்கணக்கைத் தேடி எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருக்காது.