எச்-இன்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது? கேள்வி பதில்

மருத்துவ ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியலையும், அவற்றை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்ற சைட்டேஷன் கணக்கையும் சரிபார்ப்பது பல வருடங்களாக என் வேலை. வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

எச்-இன்டெக்ஸ் 20 என்றால் என்ன?
அவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன அளவு இது. ஒரே கட்டுரைக்கு 5000 மேற்கோள் வந்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒன்றுதான். ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் எண் ஏறலாம். எண்ணைச் சொல்லும்போது அதை எடுத்த தளத்தையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேற்கோள்களை எண்ணும் தளங்களில் என் எச்-இன்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 31, ஸ்கோபஸில் 22. எது சரி?
இரண்டும் சரிதான். ஸ்காலர் ஆய்வேடுகளையும் இதழில் வராத முன்பிரதிகளையும் எண்ணும். ஸ்கோபஸ் தளமோ தானே தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகள் போன்றவற்றை மட்டும் எண்ணும். இருவரை ஒப்பிடுவதென்றால் ஒரே தளத்தில் பாருங்கள்.

எச்-இன்டெக்ஸ் 12 நல்லதா?
துறையும் ஆய்வுக்காலமும் தெரியாமல் சொல்ல முடியாது. புற்றுநோய் ஆய்வில் ஆட்கள் அதிகம், மேற்கோளும் அதிகம். அரிய ஒட்டுண்ணியை ஆராய்பவரை அவர்களோடு நிறுத்தினால் அநியாயம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் கட்டுரையை அதன் துறையோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறது, இலவசம். 1.0 என்றால், அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடு அளவு: பாதி அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 10. என் கட்டுரைக்கும் அதே தரம்தானே?
இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. அதை ஒரே கட்டுரை தூக்கிவிட முடியும். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஏறத்தாழ 2இலிருந்து 2009இல் 49.9 ஆனது. காரணம், ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய கட்டுரை. அந்த இதழின் மற்ற கட்டுரைகள் ஒரே வருடத்தில் 25 மடங்கு சிறந்துவிட்டனவா?

அதிக மேற்கோள் என்றால் பெரிய கண்டுபிடிப்புதானே?
புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றி லௌரி குழு 1951இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. அது ஆய்வகச் செய்முறை. உயிரியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகள் பல அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்படியானால் அது எல்லோருக்கும் பயன்பட்டது என்றுதானே அர்த்தம்?
சரி, ஒப்புக்கொள்கிறேன். பயன்பாட்டை அளப்பதாகச் சொல்லுங்கள், தகராறு இல்லை. ஆனால் அதுவும் எப்போதும் பொருந்தாது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட்டில் வந்தது, 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுக்க எழுதியவர்களும் அதை மேற்கோள் காட்டித்தான் எழுதினார்கள். பாராட்டும் கண்டனமும் கணக்கில் ஒன்றுதான்.

விதிவிலக்கை விடுங்கள். பொதுவாக நல்ல கட்டுரை தானாக மேலே வரும்.
வரும். எப்போது வரும் என்பதில்தான் எனக்கு வருத்தம். எம்ஆர்என்ஏவின் கட்டுமானத் துண்டுகளான நியூக்ளியோசைடுகளை மாற்றினால் உடலின் எதிர்வினை குறையும் என்று காரிகோ, வைஸ்மேன் என்ற ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். வந்த காலத்தில் பெரிய கவனம் இல்லை. கோவிட் தடுப்பூசிகளுக்கு வழி செய்த அந்த வேலைக்கு 2023இல் நோபல் கிடைத்தது. நடுவில் ஒரு தேர்வுக் குழு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் என்ன முடிவெடுத்திருக்கும்? கட்டுரையைப் படித்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம். மேற்கோளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்பதற்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

ஆசிரியர் வரிசையில் கடைசியில் இருந்தால் மதிப்புக் குறைவா?
மருத்துவ ஆய்வில் அது பெரும்பாலும் ஆய்வகத் தலைவரின் இடம். முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது. நடுவில் நூறு பேர் இருந்தாலும் எச்-இன்டெக்ஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி எண்ணும். அந்தக் குறையை மறக்காதீர்கள்.

என் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறார், கட்டுரைகள் கலந்துவிட்டன.
ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் வாங்குங்கள். 16 இலக்கம், இலவசம். அப்புறம் கலந்துபோனவற்றைத் திருத்தச் சொல்லி அந்தந்தத் தளத்துக்கு எழுதுங்கள்.

என் பழைய கட்டுரையை நானே மேற்கோள் காட்டலாமா?
தேவை இருந்தால் காட்டுங்கள். எண்ணுக்காக வேண்டாம்.

எனக்கு 15. போதுமா?
12க்குச் சொன்ன பதிலே.

எச்-இன்டெக்ஸ் 9 போதுமா?
எந்தத் தளம், எந்தத் தேதி, என்ன துறை, எத்தனை வருட ஆய்வு? நான்கையும் எழுதி அனுப்புங்கள்.