விற்பதற்கு முன் டைல்ஸ் மாற்ற வேண்டுமா?

கேள்வி: நங்கநல்லூரில் அரை கிரவுண்டில் அப்பா 1989-இல் கட்டிய வீடு. 2014-இல் வங்கிக் கடன் வாங்கி மாடி எடுத்தார், கடன் அடைந்துவிட்டது. 2021-இல் அப்பா காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா, நான், தம்பி மூவரும் மூன்று மாதத்துக்குள் வீட்டை விற்க நினைக்கிறோம். டைல்ஸ், மாடுலர் கிச்சன், பெயின்ட் என்று ஆறு லட்சம் போட்டால் உடனே போய்விடும் என்கிறார் புரோக்கர். ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்வாராம். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

உங்கள் பகுதியில் இத்தனை வயதான தனி வீட்டுக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பகுதி நிலத்துக்குத்தான். வாங்குபவர் இடித்துக் கட்டினால் உங்கள் டைல்ஸ் அடுத்த மாதமே ரப்பிஷ் லாரியில் போகும். குடியேறுபவராக இருந்தால் அவருக்குப் பிடித்த கிச்சனை அவரே போட்டுக்கொள்வார். புரோக்கர் கைகாட்டும் கான்ட்ராக்டரிடம் புரோக்கருக்கும் ஒரு பங்கு இருப்பது ஊரறிந்த விஷயம்.

விற்பனை தாமதமாவது சுவரால் அல்ல, காகிதத்தால். வாங்குபவர் வீட்டுக் கடன் போட்டால் வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்ப்பார், மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்ப்பார். இந்த இருவரும் கேட்கப்போவதை இன்றே தயார் செய்யுங்கள்.

அப்பா நிலம் வாங்கிய தேதியிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுங்கள். அதில் 2014-க்கு நேராக ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று, பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஒரு பதிவு இருக்கும். அதற்குப் பின்னால் ‘இரசீது ஆவணம்’ என்று, கடன் தீர்ந்ததற்கான இன்னொரு பதிவு இருக்கிறதா? இல்லையென்றால், காசு கட்டி முடித்திருந்தாலும் வில்லங்கத்தில் கடன் நிற்கிறது. பாக்கி இல்லை என்று வங்கி தந்த என்ஓசி கடிதம் மட்டும் போதாது. வங்கி அதிகாரி கையெழுத்திட்ட இரசீது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அது நடப்பதற்குள் உங்கள் மூன்று மாதத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். அசல் பத்திரங்கள் முழுவதும் கைக்கு வந்துவிட்டனவா என்றும் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இங்கே ஒரு கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: அப்பா இறந்த அன்று அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி அன்று இருந்திருந்தால் வீடு மூன்று பங்கு அல்ல, நான்கு. அவர் அதன் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால் அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும், தாத்தா அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் போகும். இறந்துபோன உங்கள் அப்பாவின் இடத்தில் நீங்களும் தம்பியும் வருவீர்கள். கூடவே உங்கள் அத்தை, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் வருவார்கள். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அல்லது விற்பவர்களாகக் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘அத்தை ஒன்றும் கேட்கமாட்டார்’ என்பது வக்கீலிடம் செல்லாது. பாட்டி அப்பாவுக்கு முன்பே போய்விட்டார் என்றால் அவருடைய இறப்புச் சான்றை எடுத்து வையுங்கள். பிரச்சினை அதோடு முடிந்தது.

பட்டா, சொத்து வரி, மெட்ரோ வாட்டர், ஈபி நான்கையும் வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே இறப்புச் சான்றை நான்கு இடத்திலும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒரே அரசு, ஒரே ஆதார். ஆனாலும் ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது அடுத்த அலுவலகத்துக்குத் தெரியாது. பட்டாவில்தான் இழுக்கும், அதனால் அதற்கு முதலில் மனுப் போடுங்கள். மாடிக்கு வரைபட அனுமதி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இல்லையென்றால் மறைக்காதீர்கள், மதிப்பீட்டாளர் எப்படியும் கண்டுபிடிப்பார். அப்போது சொந்தப் பணத்தில் நிலத்துக்காக வாங்குபவரைத் தேடுவதே வேகமான வழி.

இனி வீடு. பழைய வீட்டின் தரைத்தளச் சுவர்களில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். அதன்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் சில வாரத்தில் கொப்பளித்து உதிரும். பார்க்க வருபவர் அதை விரலால் ஒரு முறை சுரண்டினால் போதும், வீடு முழுக்க எதையோ மறைத்திருக்கிறீர்கள் என்று நினைப்பார். சரியான முறை இது. ஈரக் கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை பூச்சைச் செங்கல் தெரியும்படி கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்து பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். பட்டி பார்ப்பதற்கு முன் சுமார் 28 நாள் காய வேண்டும். அவ்வளவு நாள் இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டு, உள்ளதைச் சொல்லி விற்பது மேல்.

சன்ஷேடில் கம்பி தெரிந்தால் சரிசெய்யுங்கள். ஓவர்ஹெட் டேங்கில் இரவு நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, குழாய்களை மூடிவிட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பெயின்ட்டை வெளிப்புறத்துக்கும் கேட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பீரோ, உடைந்த கட்டில் எல்லாவற்றையும் வெளியேற்றினால் அறைகள் தானே பெரிதாகத் தெரியும். டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். காம்பவுண்டு அரை அடி உள்ளே வந்திருப்பதை வாங்குபவர் சொல்லி நீங்கள் கேட்கும் நிலை வரக்கூடாது.

இப்போது அந்தப் பவர். விற்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் என்ன விலைக்கு, யாருக்கு என்பது உங்கள் கையில் இல்லை. பவர் மறுத்தால் அடுத்த வலை, புரோக்கர் தன் பெயரிலோ தன் ஆள் பெயரிலோ கேட்கும் விற்பனை அக்ரிமென்ட்: ஒரு லட்சம் அட்வான்ஸ், பதினொரு மாத கெடு. அந்தக் கெடுவுக்குள் அதிக விலைக்கு ஆள் பிடித்துக் கைமாற்றிவிடுவதுதான் திட்டம். பதிவான அக்ரிமென்ட் வில்லங்கத்தில் ஏறிவிடும். அதை ரத்து செய்ய அந்த ஆளும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் காணாமல் போனால் வீடு பூட்டியது பூட்டியபடிதான்.

ஆகவே, உண்மையில் வாங்குபவரோடு மட்டும் அக்ரிமென்ட் போடுங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதமாவது இருக்கட்டும். கெடு 60 நாள், கடன் போடுபவருக்கு 90. பணம் வங்கி வழியாகவே வரட்டும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம், அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, பெற்றுக்கொண்ட உங்களுக்கு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது) பிடித்துத்தான் தருவார். மூவரின் பான் எண்ணையும் பங்கையும் அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள். புரோக்கருக்குக் கமிஷன் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே பேசி, கிரயம் பதிவான அன்று கொடுங்கள். பார்க்க வருபவர்களுக்கு ஜெராக்ஸ் மட்டும். அசல் பத்திரத்தை ‘லீகல் பார்க்க’ என்று ஒரு நாளைக்குக் கேட்டாலும் தராதீர்கள். பார்க்க விரும்பும் வக்கீல் உங்கள் எதிரில் உட்கார்ந்து பார்க்கட்டும்.