குழந்தைகளின் உணவு அலர்ஜி: கேள்விகளும் பதில்களும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். குழந்தைகள் ஒவ்வாமை மருத்துவராக நான் இங்கே பொதுவாகத்தான் சொல்ல முடியும். உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம். என் அக்கா மகனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. அதனால் மூன்று வயது வரை கடலையைக் கண்ணிலேயே காட்டாதே என்கிறார் மாமியார். சரியா?

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பே, ஆபத்து அதிகம் உள்ள குழந்தைகளுக்கு அப்படித்தான் அறிவுரை சொன்னது. ஆதாரம் போதாது என்று 2008-ல் கைவிட்டார்கள். அப்புறம் 2015-ல் லண்டனிலிருந்து 'லீப்' ஆய்வு வந்தது. கடும் எக்ஸிமாவோ (தோல் வறண்டு, வெடித்து அரிக்கும் நோய்) முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சிறு வயதிலேயே வேர்க்கடலை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்குத்தான். தள்ளிப் போடுவது காப்பாற்றவில்லை, கெடுத்தது.

அக்கா மகனுக்கு இருப்பதால் மட்டும் உங்கள் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்று ஆகிவிடாது. திட உணவுக்குத் தயாரானதும், கட்டியில்லாத வேர்க்கடலை விழுதை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து ஸ்பூன் நுனியில் தொடங்குங்கள். முழுக் கடலை ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை தொடர வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடுவதில் பயனில்லை. குழந்தைக்குக் கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தால் மட்டும் முதல் வாய்க்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸிமாவுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடல் அதை எதிரியாகப் பார்க்கப் பழகுகிறது; வாய் வழியாகக் குடலுக்குப் போனால் ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. வீட்டில் எல்லோரும் கடலை சாப்பிட்டு, குழந்தைக்கு மட்டும் கொடுக்காவிட்டால் நடப்பது முதல் வகைதான். எக்ஸிமாவுக்குச் சரியாக மருந்து போடுங்கள், ஸ்டீராய்டு களிம்பு என்றால் பயந்து நடுவில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாங்கள் முட்டை சாப்பிடாத குடும்பம். இதற்காகக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. உங்கள் வீட்டில் எது புழங்குகிறதோ அதைச் சீக்கிரம் பழக்குங்கள்: பால், கோதுமை, எள், கொட்டை வகைகள். எள்ளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் அலர்ஜி இல்லை. வெளிநாட்டில் பிறந்த மகனுக்கு எப்படி வந்தது?

மெல்போர்னில் நடந்த ஆய்வில், ஆசியாவில் பிறந்த பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி உள்ளூர்க்காரர்களின் பிள்ளைகளைவிட அதிகமாகவே தெரிந்தது. மரபணு மட்டும் காரணமில்லை, வளரும் சூழலும் சேர்ந்துகொள்கிறது. 'எங்கள் பரம்பரையிலேயே கிடையாது' என்பதை நம்பி அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி: மகள் மாநிறத்தைவிடக் கறுப்பு. தோல் சிவக்கும் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

நல்ல கேள்வி. விளக்கப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்துத்தான் இருக்கின்றன. நிறத்தைத் தேடாமல் கையால் தடவிப் பாருங்கள், தடிப்பு மேடாகத் தட்டுப்படும். உதடு, இமை, உள்ளங்கையைக் கவனியுங்கள். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையிலும் தோலில் எதுவுமே தெரியாது. சாப்பிட்டதும் விடாத இருமல், குரல் மாற்றம், திரும்பத் திரும்ப வாந்தி, திடீரென்று துவண்டு போவது, இவைதான் முக்கியம்.

கேள்வி: அலர்ஜி வந்தால் செட்ரிசின் கொடுத்தால் போதாதா?

அரிப்புக்கும் நாலைந்து தடிப்புக்கும் போதும். மூச்சுத் திணறலுக்கோ இரத்த அழுத்தம் விழுவதற்கோ போதாது. அங்கே அட்ரினலின் ஊசிதான் மருந்து (மருத்துவர் எழுதித் தருவார், நீங்களே போடலாம்), தொடையின் வெளிப்பக்கம் நடுவில். உடைக்கு மேலேயே போடலாம். குழந்தையைப் படுக்க வையுங்கள், கால் சற்று உயரமாக. மூச்சு விடக் கஷ்டப்பட்டால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். ஆம்புலன்சை அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அதனால்தான் எப்போதும் இரண்டு வைத்திருக்கச் சொல்கிறோம். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போங்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

போடலாமா வேண்டாமா என்று குழம்பினால் போட்டுவிடுங்கள். தாமதம்தான் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: ஐஜிஜி இரத்தப் பரிசோதனையில் 40 உணவுகள் ஆகாது என்று பட்டியல் வந்திருக்கிறது.

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஐஜிஜி என்பது இரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் பொருள்; குழந்தை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அலர்ஜிக்கு நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஐஜிஇ பரிசோதனைகூட, சாப்பிட்டு ஒன்றும் ஆகாத குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தால் நோய் என்று அர்த்தமில்லை.

கேள்வி: பசும்பால் அலர்ஜி. ஆட்டுப்பால் தரலாமா?

கூடாது. புரதங்கள் ஏறக்குறைய ஒன்றே. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால், முட்டை அலர்ஜி வளர வளர மறைந்துவிடும். வேர்க்கடலை அலர்ஜி ஐந்தில் ஒருவருக்குத்தான் மறையும்.

கேள்வி: தாத்தா 'கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்' என்கிறார்.

ஏற்கெனவே அலர்ஜி உள்ள குழந்தைக்கு வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அதே யோசனை மருத்துவர் மேற்பார்வையில் சிகிச்சையாகவே இருக்கிறது: அளந்த அளவு, மெல்ல ஏற்றுவது, ஊசி பக்கத்தில். தாத்தாவிடம் சண்டை போட வேண்டாம், அவரையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: பள்ளியில் சாப்பிட்டதும் சானிடைசர் போடுகிறார்கள். போதுமா?

போதாது. அது கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும், இல்லையென்றால் ஈரத் துடைப்பான்.