பத்து நாள் காது

வணக்கம் டாக்டர்,

என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. இரண்டு காதும் விரிந்து நிற்கும். வகுப்பில் 'முறம்' என்று பட்டப்பெயர். ஸ்கூல் ஐடி கார்டு போட்டோ வந்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அந்தக் கார்டின் கயிற்றைச் சுழற்றி விளையாடிக்கொண்டிருந்தான். மே மாத லீவிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். "ஆம்பளப் பையனுக்கு எதுக்கு அழகு" என்கிறார் கணவர். பிறந்ததுமே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால் ஒட்டியிருக்கும், நான்தான் கட்டவில்லை என்கிறார் மாமியார். ஆபரேஷனால் காது கேட்பது குறையுமா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? இப்போதே செய்யலாமா, காத்திருக்கலாமா?

இது கணவர் வீட்டு வாகு போலிருக்கிறது. என் நாத்தனார் பிரசவத்துக்கு இங்கேதான் வந்திருக்கிறாள். பத்து நாள் முன் பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் இதே காது.

— பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரி,

ஏழு வயதுப் பையனுக்கு ஒரு பக்கம், பத்து நாள் குழந்தைக்கு ஒரு வரி! உங்கள் மகன் இன்னும் மூன்று வருஷம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்தக் குழந்தையின் காதை ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்ய இருப்பது அதிகம் போனால் இன்னும் இரண்டு வாரம். அதனால் முதலில் அவளைப் பற்றி.

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிச்சம் இருக்கும். முதல் மூன்று நாளில் உச்சம், ஆறு வாரத்துக்குள் வடிந்துவிடும். அது இருக்கும்வரை காதின் குருத்தெலும்பு ஊறவைத்த தோல் மாதிரி, வளைத்த பக்கம் வளைந்து அப்படியே நிற்கும். அப்புறம் விறைத்துக்கொள்ளும். 1984-இல் ஜப்பானில் மட்சுவோ என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் இதை எழுதினார்கள். நாற்பது வருஷம் தாண்டிவிட்டது.

நம் பிரசவ வார்டில் எடை பார்க்கிறார்கள், தொப்புள்கொடி பார்க்கிறார்கள், மஞ்சள் காமாலை பார்க்கிறார்கள். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் காது கேட்கிறதா என்றுகூட, சின்ன முனையைக் காதுக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள். காதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள், மடல் விரிந்திருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டால் "வளர வளரச் சரியாகிடும்." மடங்கி நசுங்கிப் பிறந்த காதுகளில் சில முதல் வாரத்திலேயே தானாக நிமிர்வது உண்மைதான். விரிந்த காது அப்படி இல்லை. ஒட்டிப் பிறந்த காதுகூட, குழந்தை ஒருக்களித்து மடலை முன்பக்கம் மடித்துப் படுத்துப் படுத்துப் பின்னால் விரிவதுண்டு. ஏழு வயதில் மயக்க மருந்து, கத்தி, கட்டு என்று போகிற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு, பிறந்த புதிதில் காதில் ஒட்டும் ஆறு வாரப் பட்டையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி. காலம் சரி, துணி தப்பு. விரிந்த காதில் பெரும்பாலும் குறைவது மடலின் உள்ளே ஓடும் மடிப்பு. உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள், வெளி விளிம்புக்கு உள்பக்கம் ஒரு வரப்பு இருக்கும். அந்த வரப்பு எழாததால்தான் மடல் தட்டையாக முன்னால் வருகிறது. துணியால் கட்டினால் காது தலையோடு நசுங்குமே தவிர வரப்பு எழாது. அவிழ்த்ததும் பழையபடி வரும், காதுக்குப் பின்னால் புண்தான் மிச்சம்.

சரியான முறை இது. மெல்லிய கம்பியை சிலிக்கான் குழாய்க்குள் நுழைத்துக் காதின் வடிவுக்கு வளைத்து, வெளி விளிம்புக்கும் அந்த வரப்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் பதிய வைப்பார்கள். அதன்மேல் காகிதப் பட்டை ஒட்டி மடலைத் தலையோடு பிடித்து நிறுத்துவார்கள். சுற்றியுள்ள முடியைச் சிரைத்தால்தான் பட்டை நிற்கும். காதின் நடுக் கிண்ணம் ஆழமாக இருந்தால் அதை அழுத்தவும் ஒரு துண்டு வேண்டும். இதெல்லாம் சேர்ந்த இயர்வெல் போன்ற தயார் கருவியும் உண்டு, விலை கூட. இரவும் பகலும் நாலிலிருந்து ஆறு வாரம், வாரம் ஒரு முறை கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி ஒட்ட வேண்டும். யூடியூப் பார்த்து நீங்களே கம்பி வளைக்காதீர்கள், பிளாஸ்திரியும் பசையும் வாங்காதீர்கள். குழந்தை டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள்.

இனி உங்கள் மகன். சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். கேட்பதில் மாற்றம் வராது, தொடுவது வெளி மடலை மட்டும். இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கிடைக்காது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்குத்தான் விதிவிலக்கு. கணவருக்குப் பதில்: 1881-இல் அமெரிக்காவில் எட்வர்ட் எலி என்ற மருத்துவர் இந்த ஆபரேஷனைச் செய்தது 12 வயது ஆம்பளப் பையனுக்கு. கூடப் படித்தவர்களின் கேலிதான் காரணம்.

ஆனால் ஐடி கார்டு போட்டோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது பின்வாங்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று நேராக எடுத்தால் காது முழுசாகத் தெரியும். நீங்கள் தினமும் போனில் பார்க்கிற பிள்ளை வேறு, ஸ்டுடியோக்காரர் எடுத்த பிள்ளை வேறு. அவன் பின்னால் நின்று, காது விளிம்புக்கும் தலையெலும்புக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 20 மில்லிமீட்டர் வரை சாதாரணக் காது. இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் யார் கண்ணிலும் படாது.

அழுதது நீங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனைக் கேட்டீர்களா? "ஆபரேஷன் பண்ணிக்கலாமா கண்ணு" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வான். "உன் உடம்புல ஒண்ணை மாத்தலாம்னா எதை மாத்துவே?" என்று கேளுங்கள். பல்லைச் சொல்லலாம், உயரத்தைச் சொல்லலாம். காதைச் சொன்னால் மூன்று மாதம் விட்டு இன்னொரு தரம் கேளுங்கள். ஆறு வயதுக்குள் காது பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுகிறது, அதனால் ஏழில் செய்யலாம் என்று அந்த டாக்டர் சொன்னதில் பிழை இல்லை. செய்தே ஆக வேண்டும் என்று அதற்குப் பொருளும் இல்லை. தானாக வேண்டுமென்று கேட்ட பிள்ளை ஒரு வாரக் கட்டையும், அப்புறம் ஆறு வாரம் ராத்திரிப் பட்டையையும் பொறுத்துக்கொள்ளும். கேட்காத பிள்ளை மூன்றாம் நாளே பிய்த்துப்போடும். தையல் நழுவினால் காது மறுபடி விரியும்.

ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரம். இந்த வயதில் முழு மயக்கம், அதன்பின் வாந்தி சகஜம். காதுக்குப் பின்னால் கீறி, கரையாத நூலால் மூன்று நாலு தையல் போட்டு வரப்பை எழுப்புவார்கள். கிண்ணம் ஆழமென்றால் அதைப் பின் எலும்போடு இழுத்துத் தைப்பார்கள். நடுவில் மட்டும் அதிகமாக இழுத்துவிட்டால் மேலும் கீழும் பிதுங்கிப் பழைய டெலிபோன் ரிசீவர் போல ஆகும். அளவு பார்த்துத் தைக்கிற கை வேண்டும். முதல் இரண்டு நாளில் ஒரு காது மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் வலி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது, மேலே ஒட்டிய உறையிலிருந்துதான் தீனி. ரத்தம் நடுவில் புகுந்து பிரித்தால் அது சுருங்கிக் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும்.

ஒன்று முக்கியம். நம் தோலில் கெலாய்டு, அதாவது தழும்பு தடித்து வளர்வது, அதிகம். மகனுக்குக் காது குத்திய இடம் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், அந்த வாகு பெரும்பாலும் பருவ வயதில்தான் வெளிப்படும். உங்கள் தோளிலும் கணவர் தோளிலும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைப் பாருங்கள். பொத்தான் மாதிரி புடைத்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தையைக் கொண்டுபோகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். குளிப்பாட்டுவது அவராகத்தான் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தால் பட்டை ஒரே நாளில் உரிந்துவிடும். ஆறு வாரம் தலைக்கு எண்ணெயும் தண்ணீரும் கூடாது, கழுத்துக்குக் கீழேதான் குளியல் என்பதை நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டை வரும். டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும்.