பள்ளியில் கண் நிறக் கணக்கெடுப்பு: கேள்வி பதில்

புள்ளியியல் இடுபணிக்காகப் பள்ளித் தோழர்களின் கண் நிறத்தைக் கணக்கெடுக்கப் போகிறோம், எப்படிச் செய்வது என்று பினாங்கு மாணவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். இடுபணியை நான் செய்து தர மாட்டேன்.

கேள்வி (பட்டர்வொர்த், ஐந்தாம் படிவ மாணவி): ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக அட்டவணையைப் பார்த்தோம். பழுப்பு, நீலம், பச்சை என்று அழகாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் பள்ளியிலும் அப்படியே எடுக்கலாமா ஐயா?

பதில்: எடுக்கலாம், அழகாக வராது. நீங்கள் பார்த்தது டெலவேர் பல்கலைக்கழக மாணவர்கள் 592 பேரின் அட்டவணையாக இருக்க வேண்டும். ஸ்னீ என்பவர் 1974இல் வெளியிட்டது. புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் பாடமாக ஓடுகிறது. பழுப்பு 220, நீலம் 215, பச்சை கலந்த பழுப்பு 93, பச்சை 64. நம் பள்ளிகளில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் யாரை நிறுத்தினாலும் ஏறக்குறைய எல்லாருக்கும் பழுப்புதான். எல்லாரும் ஒரே விடை சொல்லும் கேள்வியில் எண்ண என்ன இருக்கிறது? இளம்பழுப்பு, நடுப்பழுப்பு, கரும்பழுப்பு என்று அடர்த்தியைக் கேளுங்கள். அப்போது பேச ஏதாவது கிடைக்கும்.

கேள்வி (பிறை): எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?

பதில்: பாதிக்குப் பாதி பிரியும் ஒரு விஷயத்தில் 100 பேரைக் கேட்டால் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளி கூடவோ குறையவோ வரலாம். அதைப் பாதியாகக் குறைக்க 200 போதாது, 400 பேர் வேண்டும். இதெல்லாம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுத்தால்தான். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் உங்கள் மேசைக்கு வரும் நண்பர்களைக் கேட்டால் அது கணக்கெடுப்பு ஆகாது. இன்னொன்று: விழுக்காட்டை மட்டும் எழுதாதீர்கள், பக்கத்தில் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): 150 பேரில் ஒருவருக்கும் பச்சைக் கண் இல்லை. "எங்கள் பள்ளியில் பச்சைக் கண்ணே இல்லை" என்று எழுதலாமா?

பதில்: கூடாது. நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஒரு பெரிய பள்ளியில் உண்மையிலேயே 100க்கு 2 பேருக்குப் பச்சைக் கண் என்று வையுங்கள். குலுக்கி எடுத்த ஒருவர் பச்சைக் கண் இல்லாதவராக இருக்கும் வாய்ப்பு 0.98. அதை 150 முறை பெருக்கினால் சுமார் 0.05. அதாவது இருந்தும் நம் வலையில் சிக்காமல் போக இருபதில் ஒரு வாய்ப்பு. குறுக்கு வழி: பூச்சியம் வந்தால் 3ஐ, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 3/150 என்றால் 2 விழுக்காடு. "அதிகபட்சம் 2 விழுக்காடு வரை இருக்கலாம்" என்று எழுதுங்கள். மதிப்பிடும் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி (அதே பள்ளி): தோழி ஒருத்திக்குத் தேன் நிறக் கண். பெற்றோர் இருவருக்கும் கரும்பழுப்பு. எப்படி?

பதில்: ஒரே மரபணுவில் முடியும் கதையன்று அது. 15ஆம் குரோமோசோமில் உள்ள ஓ.சி.ஏ.2, ஹெர்க்2 இரண்டும் முக்கியம்; வேறு பல மரபணுக்களும் சேர்ந்துகொள்கின்றன. அம்மா அப்பா நிறத்தை வைத்து யாரையும் துருவாதீர்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): நண்பரே, பிள்ளைகளை ஏன் குழப்புகிறீர்கள்? கறுப்பா பழுப்பா என்பது பார்த்தாலே தெரியும்.

பதில்: தெரியாது, ஐயா. ஆய்வுக்கூடத்துக் குழல்விளக்கின் கீழ் கறுப்பாகத் தெரியும் கண்ணை, காலை பத்து மணி வெயிலில் நடைபாதைச் சுவரோரம் நிறுத்திப் பாருங்கள். கண் பாப்பாவை ஒட்டித் துருப்பிடித்த நிறத்தில் ஒரு வளையம், ஓரத்தில் இருண்ட கோடு. எதை எழுதுவீர்கள்?

இரண்டு மாணவர்கள் அதே 100 பேரைத் தனித்தனியே பார்த்து, இருவருமே 80 பேரைக் கரும்பழுப்பு என்றும் 20 பேரை இளம்பழுப்பு என்றும் குறித்தார்கள் என்று வைப்போம். 84 பேர் விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பிரமாதம் என்பீர்கள். ஆனால் ஆளைப் பார்க்காமலே அதே விகிதத்தில் குருட்டாம்போக்கில் எழுதியிருந்தாலும் சராசரியாக 64ம் (80இல் 80 விழுக்காடு) 4ம் (20இல் 20 விழுக்காடு) சேர்ந்து 68 பேரில் ஒத்துப்போயிருப்பார்கள். மிச்சம் 32. அதில் கண்ணால் பார்த்து ஈட்டியது 16, சரிபாதி. கோஹென் என்ற உளவியலாளர் 1960இல் கொடுத்த கப்பா அளவு இதுதான்: 0.5. பார்த்தாலே தெரியும் என்றால் அது 1க்கு அருகில் வர வேண்டும்.

மறுமொழி (அதே ஆசிரியர்): ஒருவர் வெயிலிலும் மற்றவர் விளக்கடியிலும் பார்த்திருந்தால் குறை விளக்கினுடையது, கண்ணினுடையது அன்று.

பதில்: இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்! இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

குறுக்கீடு (ஜார்ஜ் டவுன், எஸ்.டி.பி.எம் என்ற பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு மாணவர்): பெயிண்ட் கடையில் இலவசமாகத் தரும் நிற அட்டையைக் கன்னத்தருகே பிடித்து ஒப்பிட்டால் சண்டை தீராதா?

பதில்: தம்பி, நீங்கள் தேறிவிடுவீர்கள். பழுப்பில் மூன்று சதுரம் மட்டும் வெட்டி ஒட்டுங்கள். இருவரும் ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். அட்டையில்லாமல் ஒரு முறை, அட்டையோடு ஒரு முறை. கப்பா ஏறுகிறதா என்று பார்ப்பதே முழு இடுபணி. கண் நிறத்தை விட்டு, பார்க்கிறவர்களை அளந்துவிடுவீர்கள். ஆசிரியர் ஐயா, நடுவராக வாருங்கள்.

மறுமொழி (ஆசிரியர்): வருகிறேன். தேநீர் உங்கள் செலவு.

கேள்வி (சுங்கை டுவா): எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?

பதில்: மேலே பிறைக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (நிபோங் திபால்): இளம்பழுப்புக்கு 1, நடுவுக்கு 2, கரும்பழுப்புக்கு 3 கொடுத்துச் சராசரி 2.4 எடுத்தோம். சரியா?

பதில்: முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் உள்ள இடைவெளி சமம் என்று யார் சொன்னது? முகட்டையும் (அதிகம் பேருக்கு வந்த விடை) நடுவெண்ணையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) சொல்லுங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்த்தாஜாம்): ஆண், பெண் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கக் கை வர்க்கச் சோதனை (chi-square) போட்டோம். விழுக்காட்டை வைத்துப் போட்டோம்.

பதில்: எண்ணிக்கையை வைத்துப் போடுங்கள். இரண்டாவது முறை சொல்கிறேன். எந்தக் கட்டத்திலாவது எதிர்பார்ப்பு எண்ணிக்கை (வேறுபாடே இல்லையென்றால் வர வேண்டியது) 5க்குக் கீழே போனால் இரண்டு நிறப் பிரிவுகளைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (பெயர் இல்லை): 50 பேர் போதுமா?

பதில்: பிறை.

கேள்வி (தஞ்சோங் தொக்கோங், ஒரு தாய்): மகனின் ஒரு கண் மட்டும் சில மாதங்களில் வெளிறியிருக்கிறது. கணக்கில் எங்கே சேர்ப்பது?

பதில்: கணக்கு இருக்கட்டும் அம்மா. கண் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.