பழகிய காரா, நட்சத்திரம் பெற்ற காரா? எதை நம்பிப் பணத்தைப் போடுவது?

கேள்வி: நான் விசுவமடுவில் வசிக்கும் ஆசிரியை. கணவர் நெற்செய்கையும் சிறு தோட்டமும் செய்கிறார். பதினொரு வருடங்களாக எங்களிடம் ஒரு மாருதி 800 இருக்கிறது; ஒருநாளும் எங்களை நடுவழியில் விட்டதில்லை. அதை விற்றுவிட்டு, அதே கம்பனியின் 2015ஆம் ஆண்டு அல்டோ 800 ஒன்றை 34 இலட்சம் ரூபாவுக்கு வாங்க விரும்புகிறோம். பழைய காரின் பணத்தோடு 20 இலட்சம் கையில் இருக்கும். மீதி 14 இலட்சத்தை ஐந்து வருட லீசிங்கில் எடுக்க எண்ணம். கனடாவில் இருக்கும் தம்பி, அந்தக் கார் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறாதது என்று காணொளி அனுப்பி, வாங்கவே வேண்டாம் என்கிறார். கணவரோ, நட்சத்திரம் போடுகிறவர்கள் கம்பனிகளிடம் காசு வாங்குகிறவர்கள், எங்கள் கராஜ்காரர் சொல்வதே சரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? லீசிங் எடுக்கலாமா?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த அல்டோவுக்காக 14 இலட்சம் கடன்பட வேண்டாம். ஆனால் அதற்கான காரணம், உங்கள் கணவருக்குக் காரைப் பற்றித் தெரியாது என்பதல்ல. காரின் பராமரிப்பைப் பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதி சரியானது.

வன்னியில் ஒரு வாகனத்தின் மீது வரும் பற்று வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பட்டரியும் உதிரிப்பாகங்களும் வராதபோது, சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. எந்தக் காரை உள்ளூர் மெக்கானிக் கழற்றிப் பூட்டுவார், எதன் பாகம் அடுத்த சந்தியில் கிடைக்கும் என்பதே அந்தத் தலைமுறைக்கு ஒரே தரச்சான்று. அந்த அளவுகோல் இன்றைக்கும் செல்லும். பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ அன்றே திருத்திக்கொள்ளக்கூடிய கார், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ ஏற்றி அனுப்ப வேண்டிய காரைவிட வருடச் செலவில் மலிவானது. இதை எந்த வெளிநாட்டு மதிப்பீடும் உங்களுக்குச் சொல்லாது. உங்கள் கராஜ்காரர் சொல்வார். அந்த அளவில் அவருடைய வார்த்தையை நம்புங்கள்.

ஆயினும், ‘எங்கள் கார் எங்களைக் கைவிட்டதில்லை, வாங்கிய விலையை விடக் கூடவே போகிறது’ என்று பலர் சொல்வதன் இரண்டாம் பகுதியைக் கம்பனியின் பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இந்த இரண்டும் சேர்ந்து, நாட்டிலிருந்த நல்ல கார், மட்டமான கார் எல்லாவற்றின் விலையையும் தூக்கிவிட்டன. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. வரி அதிகம் என்றாலும், சந்தை முன்புபோல் அடைபட்டதாக இல்லை. ஆகவே இன்று 34 இலட்சம் கொடுக்கும் காரை ஐந்து வருடங்களுக்குப் பிறகு அதே விலைக்கு விற்கலாம் என்ற கணக்கில் கடன் எடுப்பது ஆபத்தானது. கார் சேமிப்பு அல்ல, செலவு என்றே உங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இனி, மதிப்பீடுகள் மீது உங்கள் கணவர் கொண்டிருக்கும் சந்தேகம். அதற்கும் ஆதாரம் உண்டு. 2016இல் மிட்சுபிஷி நிறுவனம், நிசான் பெயரில் விற்கப்பட்டவை உட்பட 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கார்களின் எரிபொருள் சோதனைத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில், டைஹற்சு நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்திருப்பதை விசாரணைக் குழு வெளியிட்டது. 64 மாதிரிகள் சம்பந்தப்பட்டிருந்தன, அவற்றுள் டொயோட்டா பெயரில் விற்கப்பட்டவையும் அடக்கம். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஜே.டி. பவர் நிறுவனத்தின் ‘ஆரம்பத் தர’ மதிப்பீடு, புதிய கார் ஒன்றின் முதல் 90 நாட்களில் உரிமையாளர்கள் கண்ட குறைகளை எண்ணுவது. அதில் கிடைக்கும் விருதை விளம்பரத்தில் பயன்படுத்தக் கம்பனிகள் கட்டணம் செலுத்துகின்றன. பத்து வருடம் ஓடிய காரை விசுவமடுவில் வாங்கும் ஒருவருக்கு அந்த எண்ணிக்கையால் பயன் இல்லை.

ஆனால் உங்கள் தம்பி அனுப்பியது இவ்வகையைச் சேர்ந்தது அல்ல. குளோபல் என்காப் என்பது பிரித்தானியாவில் பதிவுசெய்யப்பட்ட தொண்டு நிறுவனம். கார் விற்பது அதன் தொழில் அல்ல. 2014 ஜனவரியில் அது இந்தியாவின் ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. அல்டோ 800, டாடா நானோ, ஹுண்டாய் ஐ10, ஃபோர்ட் ஃபிகோ, வோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்தின் அடிப்படை மாதிரிகளும் பெரியவர்களின் பாதுகாப்பில் சுழியம் பெற்றன. போலோவில் காற்றுப்பைகள் பொருத்திச் சோதித்தபோது ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் உடற்கட்டே மடிந்துபோவதால், காற்றுப்பை பொருத்தினாலும் பெரிய பயன் இராது என்று சோதனையாளர்கள் அப்போதே எழுதினார்கள். நீங்கள் வாங்க நினைப்பது அதே தலைமுறைக் கார்.

இங்கே உங்கள் பதினொரு வருட அனுபவத்துக்குப் பேச இடமில்லை என்பதைக் கணவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஒரு கார் நேர்மோதலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, மோதாத உரிமையாளர் ஒருவராலும் அறிய முடியாது. நின்றுபோனதா, எண்ணெய் குடித்ததா, கிளச் தேய்ந்ததா என்பதெல்லாம் ஓட ஓடத் தெரியும். இது மட்டும் தெரியாது. அதற்காகத்தான் பணம் செலவழித்துப் புதிய கார்களை உடைத்துப் பார்க்கிறார்கள். நமது சட்டப்படி குடிமனை நெருக்கம் இல்லாத வீதிகளில் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். சோதனை வேகம் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் இரவில் போகிறவர்கள் எந்த வேகத்தில் போகிறார்கள், கட்டாக்காலி மாடுகள் எங்கே படுத்திருக்கும், எதிரே வருகிற லொறி எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். விசுவமடுவிலிருந்து பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் கார் என்றால் நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லமாட்டேன். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கும் வவுனியாவுக்கும் பிள்ளைகளோடு போய்வரும் கார் என்றால் சொல்லியே ஆகவேண்டும்.

நட்சத்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. 2005இல் ஐரோப்பியச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஃபியட் புன்டோ, 2017இல் புதிய விதிகளின்படி சோதிக்கப்பட்டபோது ஒன்றும் பெறவில்லை. விதிகள் கடுமையாகிக்கொண்டே போகின்றன. எனவே எந்த ஆண்டுச் சோதனை என்பதைப் பாருங்கள். எந்தக் கார் என்பதையும் பாருங்கள்: 2023இல் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்ற சுசுகி வகன் ஆர் இந்தியாவில் செய்யப்பட்டது, நம் வீதிகளில் அதிகமாக ஓடும், ஜப்பானிலிருந்து வந்த 660 சீசீ வகன் ஆர் வேறு கார். பெயரும் கம்பனியும் ஒன்று என்பதற்காக ஒன்றின் குறையையோ நிறைவையோ மற்றதன் தலையில் ஏற்ற முடியாது. ‘அதே கம்பனி’ என்ற உங்கள் நம்பிக்கைக்கும் இது பொருந்தும். ஆட்டக்காரி நல்ல நெல் என்று தெரிந்த விவசாயியும், விதைக்கும் முன் இந்த மூடை முளைக்குமா என்று ஒரு பிடி நனைத்துத்தான் பார்ப்பார். உங்கள் கணவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லீசிங்கின் கணக்கு இது. உங்களிடம் சொல்லப்பட்ட வட்டி வருடத்துக்கு 12 வீதம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் ஒரே சீராகப் போடப்படும் வட்டியாக இருந்தால், வட்டி மட்டும் 8 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. மொத்தம் 22 இலட்சத்து 40 ஆயிரம். மாதத் தவணை ஏறக்குறைய 37,333 ரூபா. நீங்கள் மாதந்தோறும் முதலைக் குறைத்துக்கொண்டே வந்தும் குறையாத முதலுக்கு வட்டி கட்டுவதால், உண்மையான வட்டி வருடத்துக்கு 20 வீதத்தைத் தாண்டுகிறது. கம்பனியிடம் ‘குறைந்துசெல்லும் மீதிக்கு எத்தனை வீதம்’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதற்கு மேல் முழுக் காப்புறுதி கட்டாயமாகும், பதிவில் முழு உரிமையாளராக நிதிக் கம்பனியின் பெயர் இருக்கும், தவணை தொடர்ந்து தவறினால் காரை எடுத்துச் செல்வார்கள். போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரங்களையும் முச்சக்கரவண்டிகளையும் இழந்த குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். உங்கள் சம்பளம் மாதாமாதம் வரும். நெல்லின் பணம் வெட்டு முடிந்த பிறகே வரும், இரணைமடுவில் தண்ணீர் குறைந்த வருடத்தில் சிறுபோகப் பணம் வராமலும் போகும். ஆகவே இந்தத் தவணையை உங்கள் சம்பளம் தனியே தாங்குமா என்று மட்டும் பாருங்கள். உங்கள் கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகுமாயின் அந்தக் கடன் உங்களுக்கானது அல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். மாருதி 800ஐ இப்போதைக்கு விற்கமாட்டேன். அல்டோவைவிட அது பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. அதைக் கிட்டிய ஓட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஏ9இல் நெடுந்தூரம் போகவேண்டிய நாட்களில் வான் பிடிப்பேன். மாதம் இரண்டு முறை வான் பிடித்தாலும் 37,333 ரூபாவை நெருங்குமா என்று நீங்களே உள்ளூர் வாடகையை வைத்துக் கணக்குப் பாருங்கள். கையில் இருக்கும் சேமிப்பை, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியில் ஆறு மாத நிலையான வைப்பில் போடுவேன். தவணையாகக் கட்டியிருக்கக்கூடிய தொகையில் பாதியையாவது மாதாமாதம் அதோடு சேர்ப்பேன்.

அதற்குப் பிறகு வாங்கும்போது, முன்பக்கம் இரண்டு காற்றுப்பைகள் உள்ள, ஜப்பானில் செய்யப்பட்ட பழைய டொயோட்டா விட்ஸ் அல்லது நிசான் மார்ச் ஒன்றை அல்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றின் ஐரோப்பிய வடிவங்கள், யாரிஸ் 2000இலும் மைக்ரா 2003இலும், அக்கால விதிகளின்படி நான்கு நட்சத்திரம் பெற்றவை. எரிபொருள் சற்றுக் கூடப் போகும். உங்கள் கராஜ்காரருக்கு இவையும் பழக்கமான கார்கள்தான் என்பதால், அவருடைய கூலியைக் கொடுத்து அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தரகரிடமோ விற்பவரிடமோ அவர் பணம் வாங்காதபடி அந்தக் கூலி தாராளமாக இருக்கட்டும். அடித்தட்டில் துரு, மோதித் திருத்திய அடையாளம், முன்னைய சேவைப் பதிவுகளோடு மீற்றர் ஒத்துப்போகிறதா என்பவற்றை அவர் பார்ப்பார். நீங்கள் அடிச்சட்ட இலக்கத்தை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்தக் காரின் காற்றுப்பை திரும்பப்பெறும் அறிவிப்பில் உள்ளதா என்று தம்பியைக் கொண்டு பார்ப்பியுங்கள். டக்காட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகள் ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பொருத்தப்பட்டிருந்தன. அப்படி இருந்தால், மாற்றிய சான்று இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.