ஒட்டுத்தாள் இல்லாத மருந்துப் பை

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மாவுக்கு வயது 63. இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் ஒரு நாளும் தவறவிடாதவர், பலதுறை மருந்தகத்தில் மனச்சோர்வுக்குக் கொடுத்த செர்ட்ரலினைப் பத்தே நாளில் நிறுத்திவிட்டார். கேட்டால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம்?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

பிடிவாதம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். இவ்வகை மருந்துகளில் தொல்லை முந்திக்கொள்ளும், பலன் பிந்தி வரும். குமட்டலும் தலைவலியும் தூக்கக் கேடும் முதல் வாரத்திலேயே தலைகாட்டி, பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். மனம் தெளியவோ இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். பத்தாம் நாள்வரை உங்கள் அம்மா கண்டது தொல்லையை மட்டுமே. இதை அவருக்குப் புரியும் தமிழில் யாராவது முன்கூட்டியே சொன்னார்களா?

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னிலையிலும் விழுங்கலாம். என் அக்கா மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த காலத்தில், பையில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பையை அரிசி வாளிக்குள் வைத்திருந்தார். மருமகள் கண்ணில் படக்கூடாதாம். அந்தத் தாளோடு, எப்போது எத்தனை என்ற குறிப்பும் போய்விட்டதால், ஒரு நாள் இரண்டு, மறுநாள் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. அவர் தலைமுறைக்கு மனநோய் என்றாலே ‘உட்பிரிட்ஜ்’தான். அந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு மாறி மனநலக் கழகமான பிறகும் அச்சம் போகவில்லை. இத்தனைக்கும், மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில், சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் 2009 முதல் இருக்கிறது.

அக்கா இரண்டாம் முறை நிறுத்தியது, குணமாகிவிட்டது என்று எண்ணி. திடீரென்று விட்டதால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வும் வந்தன. ‘பார்த்தாயா, இது அடிமையாக்கும் மருந்து’ என்றார். அது அடிமைத்தனம் அன்று. பழகிய மருந்து சட்டென்று நின்றதால் உடல் தடுமாறுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள், அதுவும் குணமான பிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்தபின்.

நீங்களாகவே மறுபடி தொடங்கச் சொல்லாதீர்கள். உயிர்மேல் வெறுப்பாகப் பேசினால் அன்றே மருத்துவ உதவி நாடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767இலும் எந்நேரமும் பேசலாம். மற்றபடி, ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்காமல், ‘அந்த மாத்திரை உங்களை என்ன செய்தது அம்மா?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மீதமுள்ள மாத்திரைகளோடு, இந்த வாரமே அவருடன் மருத்துவரிடம் போய் வாருங்கள்.